ஜெனரல் ட்ரஸ்ட் தொடங்கிய பிறகு

ஜெனரலை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். இன்றும்தான்.

நான் ராணுவத்தில் கிளார்க். இருபத்துநாலு வருடம் மற்றவர்களின் வீரத்தை டைப் அடித்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன். செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முன்னாள் சிப்பாய்களின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். வருகிறவர்கள் "சார்" என்பார்கள். அது போதுமாக இருந்தது.

பிறகு அவர் வந்தார். பனிமலையில் படை நடத்தியவர், நெஞ்சு நிறையப் பதக்கம். ஓய்வுபெற்று மாமல்லபுரத்தில் வீடு கட்டி, இதே குடும்பங்களுக்காக ஒரு ட்ரஸ்ட் தொடங்கினார். சிறுசேரி கம்பெனிப் பெண்கள் சனிக்கிழமைகளில் வந்து கம்ப்யூட்டரில் உதவினார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆள் திமிர் பிடித்தவராக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டியிருப்பேன். மீன்காரம்மாவுக்கும் எழுந்து நாற்காலி இழுத்துப் போடுகிறவரை என்னவென்று திட்டுவது?

நெம்மேலிக் குப்பத்தில் மீன் விற்கிற ஒரு பெண் முதலில் என்னிடம்தான் வந்தாள். முன்னாள் சிப்பாயான புருஷன் படுத்த படுக்கை. அவளுக்குக் கண்ணில் அழுத்தம், பார்வை போய்க்கொண்டிருந்தது. ராணுவ மருத்துவ அட்டை கிடைத்தால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். புருஷனின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டினேன். மனைவி பெயருக்கான கட்டம் காலி. லீவில் வந்து தாலி கட்டிவிட்டு, யூனிட்டுக்குத் திரும்பியதும் எழுதிக் கொடுக்க மறந்துவிடுவது நம் ஆட்களின் வழக்கம். முதலில் கல்யாணத்தைப் பதிய வேண்டும், அப்புறம்தான் அட்டை. சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னாண்ணா இவ்ளோ நேரம் பாக்குற? பெரிய சாரு எழுதித் தரேன்னுகீறாரு. அங்கியே குட்த்துடவா?" என்றாள்.

"தாராளமா குடும்மா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

ஜெனரலின் கடிதம் இரண்டு முறை திரும்பி வந்தது. அழகான இங்கிலீஷ், கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. உத்தரவு போட்டுப் பழகியவருக்குக் கிளார்க் வேலை எப்படித் தெரியும்? செய்தி கேட்ட அன்று டீயோடு ஒரு வடை சேர்த்துச் சாப்பிட்டேன்.

நான்கு மாதம் கழித்து மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் கையைத் தொட்டாள். "அண்ணாத்த, இது நெம்மேலி நிக்குமா? போர்டு தெர்ல."

அவள்தான். என் முகமும் அவளுக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேரே ட்ரஸ்டுக்குப் போய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்கு முன்பே தெரிந்திருந்தும் பொறாமையால் மறைத்தேன் என்பதையும் சேர்த்துத்தான். ஜெனரல் கோபப்படவில்லை. பேனாவை எடுத்தார். "எனக்கு இது தெரியல. எப்படிச் செய்யணும், சொல்லிக் கொடுங்க" என்றார். இத்தனை வருட சர்வீஸில் எந்த அதிகாரியும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் கேட்டிருப்பேனா என்று யோசித்தேன். அதிலும் எரிச்சல்தான் மிஞ்சியது.

அட்டை வந்தது. ஒரு கண் தப்பியது. மற்றது தாமதமாகிவிட்டது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள்.

"முன்னாடியே போயிருந்தா ரெண்டும் பொழச்சிருக்குமா சார்?" என்று அவள் ட்ரஸ்டில் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"தப்பு என்னுதும்மா. எனக்கு வேலை தெரியல. மன்னிச்சிடுங்க" என்றார் ஜெனரல். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ இன்னா சார் பண்ணுவ, வுடு."

தப்பு என்னுடையது. மன்னிப்பும் அவருக்கே கிடைத்தது.