ரேவதியும் கிரேக்கத்துச் சீமாட்டிகளும்

உதட்டில் நாலைந்து ஊக்கு, இடது கையில் பாதி எடுத்த கொசுவம், கண் மட்டும் அலமாரி மேல். மடிப்பு எப்படி விழவேண்டும் என்று சந்தேகம் வந்தால் ரேவதி அங்கேதான் பார்ப்பாள். அங்கே சாண் உயரத்தில் ஐந்து சுடுமண் பெண்கள் நிற்கிறார்கள். தலையில் முக்காடு, கையில் குட்டி விசிறி, ஒரு பக்கம் ஒசிந்த இடுப்பு. கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்கர்கள் அச்சில் அழுத்திச் சுட்டெடுத்த பொம்மைகளின் நகல்கள். கணவர் பிரேம்நாத்துக்குக் கிரேக்கக் கப்பலில் எஞ்சின் வேலை. ஒவ்வொரு முறையும் கிரேக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில் ஒன்று வாங்கி, கைலியில் சுற்றி எடுத்து வருவார்.

பசுந்தாங் பேட்டையில் அவளுக்கு நாலாவது மாடி வீடு. யாங்கூன் தமிழ்ப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் சீலை கட்டும் ஒத்திகைக்கு அவள் வீட்டுப் படியேறியே ஆகவேண்டும். லோஞ்சி என்கிற பர்மியக் கைலியில் வளர்ந்த பிள்ளைகள், பட்டுச் சீலையைக் கண்டால் மிரளும். "பயப்படாத தங்கச்சி, சீலை கடிக்காது," என்பாள். அடக்கம் என்பது அவள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "நான் கட்டிவுட்டா, தாலி ஏறி, விருந்து முடிஞ்சு, அக்கரை டாலாவுக்குப் படகு ஏறி எறங்கினாலும் ஒரு மடிப்பு அவுறாது." கீழ்மாடிக்காரி நான்; இந்த ஜம்பத்துக்காகவே மேலே ஏறிப் போகிறேன்.

பெண்கள் நின்று நின்று கால் கடுத்து, "யாபி அக்கா, போதும்," என்று பர்மியமும் தமிழுமாகக் கெஞ்சுவார்கள். "முன்பக்கம் யாபி. பின்பக்கம்?" என்று திருப்பி நிறுத்துவாள்.

அலமாரிச் சீமாட்டிகளோடு அவளுக்குச் சண்டையே இந்தப் பின்பக்கத்தால்தான்.

"முன்னாடி பாருங்க, என்னா நேர்த்தி! துணிக்குள்ள முழங்கால் மடங்குறதுகூடத் தெரியுது. இப்ப பாருங்க." ஒருத்தியைத் திருப்பிக் காட்டினாள். மொழுமொழுவென்று வெறும் முதுகு. நடுவில் ஓர் ஓட்டை. சூளையில் பொம்மை வெடிக்காமல் ஆவி வெளியே போக விட்ட ஓட்டை அது என்றேன்.

"அதுக்காவ முதுகை மொட்டையா வுட்ருவானா? கோயில்ல பொண்ணு சாமியைப் பாத்து நிக்குது. ஜனம் முதுகைத்தானே பாக்குது?"

ஓட்டையை மட்டும் அவள் வீணாக்கவில்லை. ஐந்து பேர் வயிற்றிலும் ஊக்குதான். முதுகு நன்றாக இருக்கிற ஒன்றைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் பிரேம்நாத்துக்கு உத்தரவு.

இந்த முறை கப்பல் செங்கடல் வழியாகப் போகிறது என்று சொன்னார். அங்கே கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதன்பிறகு அவரிடமிருந்து போன் இல்லை. அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிப்பதுபோல வாசலில் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்: "கடல்ல சிக்னல் இல்ல. பொம்மை வாங்காம அவரு எங்கயும் போவமாட்டாரு." குரலில் நடுக்கமே கிடையாது. ஆனால் அலைபேசி அவள் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. கரண்டு வந்தால் முதலில் அதற்குத்தான் சார்ஜ்.

போன வாரம் கலா என்ற பெண்ணின் கல்யாணம். மாலை வரவேற்புக்கு இரண்டாவது சீலை. ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். மண்டபத்துப் பின்னறையில் கொசுவம் பாதியில் இருந்தபோது இடுப்பில் மணி அடித்தது. ரேவதி கொசுவத்தை விடவில்லை. வாய் நிறைய ஊக்கு. கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டாள். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏ ரேவதி, நல்லபடியா பிரேயஸ் வந்துட்டோம். பொம்மைக் கடையிலதான் நிக்கிறேன். எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், ஒண்ணுக்கும் முதுகு சரியில்ல. என்ன பண்ணட்டும்?"

"பேசுங்கக்கா," என்றாள் கலா.

ரேவதி கொசுவத்தை எடுத்து முடித்தாள், செருகினாள், ஊக்குப் போட்டாள். கலாவின் பின்னால் போய் முந்தானையை ஒருமுறை நீவிவிட்டாள்.

"ரேவதி? லைன்ல இருக்கியா?" என்றது அலைபேசி.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களுக்குத் தெரிந்தது முதுகு மட்டும்தான்; அது குலுங்கிக்கொண்டிருந்தது.