மூத்தவருக்கு வந்த துப்பாக்கி

என் மச்சான் ஒரு கல்லுளிமங்கன். கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் தேய்க்கிறார். விளிம்பில் பிசிறு இருந்தால் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். வாயைத் திறந்து ஒரு சேதி சொல்ல வைக்க மட்டும் யாராலும் முடியாது.

மாமனார் போனதும் வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கி அவருக்கு வந்தது. நான்கு தலைமுறையாக அது மூத்த மகனுக்குத்தான். ஆனால் மச்சான் அதைத் தோளில் வைத்துக்கூடப் பார்த்ததில்லை. மாமனாரோடு போய்ச் சுடப் பழகியவள் என் மனைவி, அவர் தங்கை. "எனக்குக் குடுண்ணே" என்று அவள் வாய்விட்டே கேட்டாள்.

"மூத்தவன் நான் இருக்கேன்ல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

உரிமத்தை மாற்ற மாதக் கடைசி வரைதான் கெடு. தவறினால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அங்கே அதை அறுத்து இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். முதல் வேலை கண் பரிசோதனை. துணைக்கு நான் போனேன்.

இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார் டாக்டர். மச்சான் மளமளவென்று படித்தார். டாக்டருக்கு என்ன தோன்றியதோ, நர்ஸிடம் சைகை காட்டினார். அவள் ஓசைப்படாமல் அட்டையைக் கழற்றிக்கொண்டாள். மச்சான் நிறுத்தவே இல்லை. வெறும் சுவரைப் பார்த்துக் கடைசி வரி வரைக்கும் படித்து, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் படித்து முடித்தார். அதே அட்டைதான் அவர் கடையிலும் தொங்குகிறது.

"சுவத்துல ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலது கண்ணு தெரியாது மாப்ள. யார்கிட்டயும் மூச்சு விடாதே. முதலாளி காதுக்குப் போனா வேலை போயிரும்."

"அப்ப துப்பாக்கி? தங்கச்சி பேருக்கு எழுதிக் குடுங்க."

"அதுக்கு டாக்டர் சீட்டையும் சேர்த்து வைக்கணுமாம். அவ பாத்துருவா. அவ வாய் சும்மா இருக்குமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்ல ஆளுய்யா நீங்க!" என்று நடுத்தெருவில் கத்தினேன். ஆனாலும் வீட்டில் சொல்லவில்லை. பிழைப்பு விஷயமாயிற்றே.

கெடு நாளில் ஸ்டேஷன் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மனைவி துப்பாக்கியை மடியில் போட்டு எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அறுக்கப்போறதுக்கு எண்ணெய் எதுக்கும்மா?" என்றார் போலீஸ்காரர்.

"அழுக்கோட குடுத்தா அப்பா திட்டுவாரு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "எனக்கும் தரமாட்டே, நீயும் வச்சுக்கமாட்டே. என்ன மனுஷன்ணே நீ?"

மச்சான் சட்டைப்பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஒம்பது வயசுலேர்ந்து."

"இத்தனை வருஷமா ஏண்ணே சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர் வேறு படிவம் எடுத்து வந்தார். மச்சான் கையெழுத்துப் போட்டார்.

துப்பாக்கி இப்போது எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கிறது. அன்று மாலையே மச்சான் கடைக்குப் போய், யாரும் கேட்காமலேயே முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.