பச்சை ஸ்கர்ட்டின் மடிப்பு

ஆல்டரேஷன் கடையில் ஜிப் மாற்றுவதும் பேன்ட் நீளம் குறைப்பதுமாக இருந்த தையல்காரிக்கு அவள் கணவன் வைத்த பெயர் சி.ஐ.டி. பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டாள். யாராவது வலிய வந்து சிரித்தால், எதற்குச் சிரித்தார்கள் என்று அன்று முழுவதும் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பாள். பஸ் ஓட்டும் கணவன் நேர்மாறு. வழி கேட்டவனிடம் தன் வீட்டு விலாசத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருகிற ஆள்.

இப்படிப்பட்டவள்தான் கடல் தாண்டிய ஒரு நாட்டிலிருந்து பிள்ளை தத்தெடுக்க எழுதிக் கொடுத்துவிட்டு, எந்தப் பிள்ளை என்று தத்து நிலையம் சொல்லப்போகும் நாளுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தாள். நிலையத்து ஆட்கள் வந்து வீட்டைப் பார்த்தார்கள், அலமாரியைத் திறந்தார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவீர்களா என்று கேட்டார்கள். பிள்ளையின் மொழியில் தண்ணீர், பசி, வலிக்கிறதா என்று நாலு வார்த்தை பழக ஓர் ஒலிப்பதிவும் கொடுத்தார்கள். அதில் பேசுகிறவர் அந்த ஊர்க்காரர்தானா என்பதிலும் அவளுக்குச் சந்தேகம்.

"இல்லாட்டி மட்டும் உனக்குத் தெரியவா போகுது?" என்றான் கணவன்.

ஒரு நாள் மத்தியானம் உடனே வரச்சொன்னார்கள். கடை ஏப்ரனைக் கழற்றக்கூடத் தோன்றாமல், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க ஓடினாள். கணவனும் அங்கே வந்து சேர்ந்தான். நிலையத்து அதிகாரியம்மா மேஜைமேல் ஒரு படத்தை வைத்தார். நாலு வயதுப் பெண். யாரோ அவசரத்தில் கோணலாக வெட்டிவிட்ட முன்முடி. வலது கையில் ஒரு பிளாஸ்டிக் கப். இடது கை முதுகுக்குப் பின்னால்.

கணவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"அந்தக் கையை ஏன் மறைச்சிருக்கா?"

பிள்ளைகள் அப்படித்தான் நிற்கும், மருத்துவ அறிக்கையில் ஒரு குறையும் இல்லை என்றார் அதிகாரியம்மா. நீங்கள் போய்ப் பார்த்தீர்களா என்ற கேள்வி வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

"ஒரு கை இல்லாட்டித்தான் என்ன?" என்றான் கணவன், வீடு திரும்பும் வழியில்.

"இல்லாட்டி எனக்கும் ஒண்ணுமில்ல. மறைக்கிறாங்களே, அதுதான் பிடிக்கல."

மறுநாள் காலை கடைக்கு ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு பச்சை ஸ்கர்ட், அடி மடிப்பு பிரிந்திருந்தது. தைக்கிறவரை காத்திருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள், வீட்டில் யார் யார், கோபம் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தையல்காரிக்குப் பொறி தட்டியது. நிலையம்தான் ஆள் விட்டு நோட்டம் பார்க்கிறது! உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். கோபமா, எனக்கா என்று சிரித்தாள். இரண்டு தடவை டீ வேண்டுமா என்று கேட்டாள். கடை முதலாளியம்மா, காய்ச்சலா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்பச் சிரிக்காத. பழக்கமில்லாத வாய், சுளுக்கிக்கப் போகுது" என்றான் விஷயம் கேட்ட கணவன்.

வியாழக்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தாள். அதே ஸ்கர்ட், அதே மடிப்பு. தையல்காரி தன் தையலையே விரலால் தடவிப் பார்த்தாள். நூல் நைந்து போகவில்லை. தையலுக்குத் தையல் சுத்தமாக அறுபட்டிருந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இது தானா பிரியல. பிளேடு போட்டிருக்கீங்க. யார் அனுப்பினாங்க உங்களை?"

பச்சை ஸ்கர்ட்டுக்காரி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"யாரும் அனுப்பலைங்க. அந்தப் பொண்ணோட படத்தை எங்களுக்குத்தான் முதல்ல காட்டினாங்க. நீங்க அங்க வந்த அன்னைக்குக் காலையிலதான் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தோம். அவர் வேலைக்குப் போயிட்டார். எனக்கு எழுந்திருக்கவே முடியல, வெளிய பெஞ்சுலயே இருந்தேன். கண்ணாடிக் கதவு வழியா உங்க கையில அதே படம். ஏப்ரன்ல கடைப் பேரு இருந்துச்சு."

"ஏன் வேண்டாம்னீங்க?"

"கைதான். எதையோ மறைக்கிறாங்கன்னு நாங்களாவே பேசிப் பேசி பயந்துட்டோம். அவங்க சொன்னதை நம்பல. உங்களுக்கும் வேண்டாம்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

தன் வாய்ச் சொல்லே இன்னொருத்தி வாயில் வந்தது தையல்காரிக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி அதையும் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. இவள் வந்தது நோட்டம் பார்க்க அல்ல. பிள்ளையைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறாள். இங்கிருந்து நேரே நிலையத்துக்குப் போவாள். அழுவாள். அழுதால் அவர்கள் இளகமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

நூல் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளுக்கு நடுவே நின்று கணவனை போனில் கூப்பிட்டாள். "சரின்னு சொல்லப்போறேன்" என்றாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவன், நான் அன்றைக்கே சொல்லியாயிற்றே என்றான். அடுத்து நிலையத்துக்குப் போட்டாள்.

நாளைவரை நேரம் இருக்கிறதே, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அதிகாரியம்மா.

"யோசிச்சாச்சு. இப்பவே குறிச்சுக்குங்க. வேற யார் வந்து கேட்டாலும் ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க."

"அந்தக் கையைப் பத்திக் கேட்டீங்களே. அங்க எழுதிக் கேக்கவா?"

"வேண்டாம். வந்தப்புறம் நானே பாத்துக்கறேன்."

முன்பக்கம் வந்தபோது பச்சை ஸ்கர்ட்டுக்காரி அதே இடத்தில், அதே கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாங்க சரின்னு சொல்லியாச்சுங்க."

"எப்போ?"

"சொல்லியாச்சு."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. தையல்காரி டீ கொண்டு வந்து வைத்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிறகு மெஷினில் உட்கார்ந்து, எந்தப் பிளேடுக்கும் லேசில் மசியாதபடி அந்த மடிப்புக்கு இரட்டைத் தையல் போட்டாள்.