டிரெசர் என்னிடம் கேட்ட கேள்வி

கோப்பெங்கிற்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில் அத்தைக்கு வயிறு வலித்த அன்று எனக்கு எட்டு வயது. அத்தை அப்பாவின் தங்கை; கல்யாணம் ஆகவில்லை. பால்வெட்டு முடிந்து வந்தவர் வாளியைக்கூடக் கழுவாமல் சுருண்டு படுத்துவிட்டார். வாயு என்று அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். எழுந்து உட்காரப் போன அத்தை மயங்கிச் சாய்ந்ததும்தான் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டிரெசரை அழைக்க ஓடினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர் டிரெசர். எந்த நோய்க்கும் ஒரே மாத்திரைதான் தருவார் என்று லயத்து வீடுகளில் அவருக்குப் பெயர். அன்று மாத்திரையை எடுக்கவே இல்லை. அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. தோளும் வலிக்கிறதா என்று கேட்டார். அத்தை தலையசைத்தார். வயிற்றுவலிக்காரரிடம் தோளை விசாரிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு, கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்றார். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் கேட்கிற கேள்வியா என்று அம்மாவுக்குக் கோபம். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். டிரெசர் என் பக்கம் திரும்பினார்.

“நீதானம்மா அத்தகூடப் படுக்குற? அவங்க எப்ப ஒதுங்கி ஒக்காந்தாங்க?”

“ரெண்டு மாசமா ஒக்காரல. யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க.”

அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கரு கொழாயிலயே தங்கி வெடிச்சிருக்கணும், வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுக்கா, அதான் தோளும் வலிக்குது,” என்றார் டிரெசர், தாழ்ந்த குரலில். “கேக்குறதெல்லாம் அப்புறம் கேளுங்க. இப்பவே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போவலன்னா பொழைக்க மாட்டாங்க.”

அவரே போய் துரையின் காரைக் கேட்டு வாங்கிவந்தார். அத்தையின் கையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினார்; கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, கூடவே ஏறிக்கொண்டார். இன்னும் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாராம் ஈப்போ டாக்டர்.

பன்னிரண்டு நாள் கழித்து அத்தை திரும்பினார். அம்மா ஒன்றும் கேட்காமல் வெந்நீர் போட்டு, அவருக்குத் தானே தலை வாரிவிட்டார். வந்து கேட்டவர்களிடமெல்லாம் குடல்வால் ஆபரேஷன் என்றார். டிரெசர் அன்று சொன்னது அம்மாவுக்குப் புரியவில்லை போலும் என்று இரக்கப்பட்டு, சரியாகத் தெரிந்துகொள்ள அவரிடமே போனேன். அங்கே கங்காணி ஏற்கெனவே அத்தைக்கு என்னவென்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

“குடல்வால்தான்லா,” என்றார் டிரெசர், என்னைப் பார்க்காமல்.

அவ்வளவு கெட்டிக்காரருக்கும் இப்படி மறந்துபோகிறதே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வருத்தமாக இருந்தது.