மூன்று சென்டிமீட்டர் பொய்

பிள்ளைகளே, பொறாமை எப்படி இருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் அத்தை மகளைப் பார்த்து நானாகவே தெரிந்துகொண்டேன். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தேன். அவள் அப்போது பள்ளிக்கூடமே போகவில்லை. ஆனாலும் என்னைவிட நன்றாகப் படித்தாள். எந்தப் பையன்தான் இதைப் பொறுத்துக்கொள்வான்?

அவளுக்குத் திக்குவாய். இரண்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார், "இன்னிக்குச் சொல்லி முடிப்பியா, நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறார். அன்றோடு அத்தை அவளை நிறுத்திவிட்டார். ஐந்தாவது வரை படித்திருந்த அத்தை, தானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

மாமா வீட்டின் முன்பக்கத்தில் நாலு தையல் மிஷின் போட்ட பனியன் கம்பெனி. பின்பக்கம் அவளுடைய பள்ளிக்கூடம். வெட்டி மிஞ்சிய பனியன் துணிக் குவியலில் மல்லாந்து படுத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வாள். கல்கத்தாவுக்குப் போகும் பார்சலைத் தட்டிக் காட்டி, இது எந்தெந்த ஊர் வழியாக ரயிலில் போகும் என்று மாமா சொல்வார். அதுதான் அவளுக்குப் பூகோளம். புரியாவிட்டால் "ஏ... ஏனுங்கம்மா?" என்பாள். பத்துத் தடவை கேட்டாலும் அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சொல்வார். அவள் ஒரு சொல்லை முடிக்கும்வரை அந்த வீடே காத்திருக்கும். நானோ அறுபது பேர் வகுப்பில் ஒருநாள்கூட "ஏன்" என்று கேட்டதில்லை.

"நானும் ஊட்லயே படிக்கிறேன்" என்று அம்மாவிடம் அழுதேன்.

"படி சாமி, ஆரு வேண்டாங்கறா? எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. எனக்கும் சேத்து நீயே சொல்லிக்குடு" என்றார் அம்மா.

தினமும் சாயங்காலம் நான் அத்தை வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அத்தை வாசலில் நிறுத்தி, ஒரு கடலை உருண்டையைக் கையில் வைத்து, "இன்னிக்கு உங்க வாத்தியாரு என்ன கண்ணு நடத்துனாரு?" என்று கேட்பார். நான் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். நான் அடி வாங்கிக் கொண்டுவரும் பாடத்தை அவள் படுத்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறாள் என்று எனக்கு எரியும்.

அந்த வருஷக் கடைசியில், பெரிய பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் அவளை நேரில் கேள்வி கேட்டு, தேறினால் ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். தேறாவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு பெஞ்சுதான். அவளும் அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அவளுடைய பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. ஒருநாள் வகுப்பில் எங்களுக்கு அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றும் கணக்கு. தப்பாகப் போட்டு உள்ளங்கை சிவக்க வாங்கியிருந்தேன். அத்தை வழக்கம்போலக் கேட்டார். உள்ளே அவள் துணிக் குவியலில் கால்மேல் கால் போட்டுக் கிடந்தது தெரிந்தது.

"ஒரு அங்குலத்துக்கு மூணு சென்டிமீட்டருங்க அத்தை" என்றேன். இரண்டரை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாங்கிய அடியில் அதுதானே பதிந்திருந்தது!

அத்தை எழுதிக்கொண்டார். கடலை உருண்டையும் கொடுத்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும்போது வாசலில் அத்தையும் மகளும் நின்றார்கள். அத்தை கையில் இரண்டு பனியன். அப்போதுதான் கம்பெனிகளில் பனியன் அளவுக்கு அங்குல நம்பரை விட்டுச் சென்டிமீட்டர் நம்பருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாரு கண்ணு. இது பழைய நம்பர் முப்பத்திநாலு. இது புது நம்பர் எம்பத்தஞ்சு." ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார். நூல் பிசகாமல் பொருந்தியது. "நீ சொன்ன கணக்குல நூத்திரெண்டு வருது. அத்தனை பெருசு தைச்சா உங்க மாமனோட இன்னொருத்தரும் உள்ள பூந்துக்கலாம்."

"டே... டேப்பு வெச்சும் பாத்தேன். ரெ... ரெண்டரைதான்" என்றாள் அவள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பள்ளிக்கூடத்தில் யாரும் எந்தக் கணக்கையும் இப்படி அளந்து பார்த்ததில்லை. சொன்னதை ஒப்பித்தோம், அவ்வளவுதான். அடுத்த வாரம் அவள் திக்கித் திக்கியே பதில் சொல்லி ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, அன்று காலை அத்தை கடைசியாகச் சொன்னதுதான்.

"உங்க வாத்தியாரு எப்படியோ தப்பாச் சொல்லிப்போட்டாரு கண்ணு. அதுக்காக நாலு பேருக்கு முன்னால கேட்டுப்போடாத. தப்புப் பண்ணுனவங்களுக்கு வெக்கமா இருக்குமில்ல? தனியா இருக்கறப்ப மெதுவாச் சொல்லு, போதும்." என் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, "சாயந்திரம் வந்து இன்னிக்குப் பாடத்தச் சொல்லு" என்றார்.

அத்தைக்கு ஒன்றுமே தெரியவில்லை, தப்பித்தோம் என்று நான் பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடினேன்.