சூடு ஏறிய பிறகு

சாயப்பட்டறையில் அவளை மிஞ்ச ஆளில்லை. தொட்டியின் சூடு காட்டும் முள்ளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். முள் ஏறவேண்டிய இடத்துக்கு ஏறியதும் "போடு!" என்று ஒரு சத்தம், சாயம் உள்ளே விழும். பதினோரு வருஷத்தில் ஒரு துணிகூடத் திட்டுத்திட்டாக வந்ததில்லை.

வீட்டிலும் அம்மணிக்கு அதே அதிகாரம்தான். குழந்தை வேண்டும் என்று முடிவானதும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினாள். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன்பே வாயில் வைத்துப் பார்த்து நோட்டில் குறிப்பாள். சூடு ஏறிய அன்றைக்குத்தான் கணவனுக்கு உத்தரவு. ஒரு வருஷம் இப்படியே போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. போன மாதம் எரிச்சலில், "கோளாறு உங்ககிட்டதான்" என்று சொல்லியும்விட்டாள். லாரி ஓட்டுகிற அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். அவரிடம் ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகுதான் நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா சூடு ஏறுறது முட்டை வெளியே வந்தப்புறம்தாம்மா. வந்த முட்டை ஒரு நாளைக்கு மேல தாங்காது. அதுக்கு முந்தின நாலஞ்சு நாள்தான் உங்களுக்கு முக்கியம். அப்போ கோழிமுட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னு துணியில படுமே, பார்த்திருக்கியா?"

பார்த்திருக்கிறாளாவா! மாதம் தவறாமல் பார்த்திருக்கிறாள். ஏதோ சீக்கு என்று பயந்து, யாரிடமும் மூச்சுவிடாமல், துணியை ஒளித்துத் துவைத்திருக்கிறாள். அந்த நாட்களில்தான் "கிட்ட வராதீங்க" என்று அவரை விரட்டியதும்.

"அது சீக்கு இல்லையா டாக்டர்?"

"நாத்தமோ அரிப்போ இருந்தாத்தான் வந்து காட்டணும். இது நல்ல அறிகுறி."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பட்டறையில் பத்துப் பேருக்குப் பாடம் எடுப்பவளுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லையே!

வீட்டில் அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்தபடி, மென்று முழுங்கி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "உங்களைப் போய்ச் சொல்லிட்டேனே, மன்னிச்சிருங்க."

"அதை விடு." அவர் ஊசியைக் கீழே வைத்தார். "கிட்ட வராதீங்கன்னு சொன்னது அந்தப் பயத்துலதானா?"

"ஆமா."

"டீசல் நாத்தம் உனக்குக் குமட்டுதுன்னு நெனச்சேன். ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிச்செல்லாம் பார்த்தேன்."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.