லோகோவைத் தாண்டிய அணில்

போன சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மாடிப்படியில் தடதடவென்று யாரோ இறங்கும் சத்தம். எங்கள் மேல் வீட்டு நஸீமாதான். எப்போதும் பூனை மாதிரி இறங்குகிற பெண்.

"அக்கா, கொஞ்சம் ஊட்டுக்கு வர்றீங்களா? கம்ப்யூட்டர் நின்னுக்குச்சுங்க."

முகம் வெளுத்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பினேன்.

நஸீமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான டி-ஷர்ட்டில் பொம்மைப் படம் அச்சடிக்கிறார்கள் அல்லவா, அந்தப் படங்களை வரைகிறவள். முன்பு ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்த்தாள். இரண்டாவது பெண் பிறந்த பிறகு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வரைகிறாள். இதுவரை எல்லாமே அடுத்தவர் சொல்லி, அடுத்தவர் பெயரில் போன படங்கள். முதல்முறையாக அவிநாசி ரோட்டில் உள்ள ஒரு பனியன் கம்பெனி அவளை நேரடியாகக் கேட்டிருந்தது. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் ஒருவர் அன்றைக்கு நேரில் வருகிறார். மழைக்காலத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு படம் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பையர் பார்ப்பார்.

படம் முந்தின நாளே முடிந்துவிட்டது. அப்புறம் ஏன் அனுப்பவில்லை?

"காலைல புதுக் கண்ணோட ஒருக்கா கலரைப் பார்த்துட்டு அனுப்பலாம்னு வெச்சேனுங்க்கா."

வரைகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். எழுதுகிறவர்களும்தான். புதுக் கண் வந்துவிட்டது... கம்ப்யூட்டர் வரவில்லை.

சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. கம்பெனி லோகோ வருகிறது. அதன் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாக ஓட ஆரம்பிக்கின்றன. ஓடி... ஓடி... பாதியில் அப்படியே உறைந்து நிற்கின்றன. மௌஸை ஆட்டினாலும் கீபோர்டைத் தட்டினாலும் ஒரு அசைவும் இல்லை.

இதற்கு என்னை ஏன் கூப்பிட்டாள்? வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்று எங்கள் வேலம்பாளையத்துத் தெருவில் ஒரு நம்பிக்கை. உண்மையில் எனக்குத் தெரிந்தது தமிழில் டைப் அடிப்பதும், அடித்ததை சேவ் செய்வதும். அதற்கு மேல் கேட்டால் என் மகளுக்குப் போன் போடுவேன். அன்றைக்கு அவளும் எடுக்கவில்லை.

ஆனாலும் நம்பி வந்தவளிடம் 'தெரியாது' என்று சொல்ல வாய் வருமா? "ஒருக்கா ஆஃப் பண்ணிப் போடு கண்ணு" என்றேன், பெரிய டாக்டர் தோரணையில்.

போட்டாள். லோகோ. புள்ளிகள். உறைவு.

மறுபடியும் போட்டாள். அதே இடம்.

செல்போனில் வீடியோ தேடினோம். ஒருவர் எஃப் எட்டை அழுத்தச் சொன்னார். இன்னொருவர் எஃப் இரண்டு என்றார். மூன்றாமவர் டிலீட் பட்டனை விடாமல் தட்டச் சொன்னார். நஸீமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒரே கீபோர்டில் ஆர்மோனியம் வாசிப்பது போலத் தட்டித் தீர்த்தோம். நீலத் திரை ஒன்று வந்தது. முழுக்க ஆங்கில எழுத்துகள். பயந்துபோய் வெளியே வந்துவிட்டோம்.

கடைசியில் சர்வீஸ்காரரைப் போனில் பிடித்தோம். அவர் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம்.

"நான் ஊர்ல இல்லீங்க. திங்கக்கிழமை வந்து ஃபார்மேட் பண்ணிக் குடுத்தர்றேனுங்க. கவலைப்படாதீங்க."

கவலைப்படாமல் எப்படி இருப்பது? ஃபார்மேட் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. நஸீமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அந்த நேரம் பார்த்து கம்பெனியில் இருந்து, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நஸீமா, பையர் வந்துட்டாருங்க. ரெண்டு மணிக்குள்ள ஃபைல் வந்தாப் போதும். இல்லீன்னா நான் கையில இருக்கற பழைய டிசைனைத்தான் காட்டோணும்."

"வந்துருமுங்க" என்றாள் நஸீமா. குரல் நடுங்கவில்லை.

போனை வைத்தவள் சட்டென்று எழுந்தாள். "அக்கா, நேத்து படம் முடிச்சதும் பேக்கப் போட்டேனுங்க. இந்த டிஸ்க்குல இருக்கும். உங்க லேப்டாப்புல போட்டு எடுத்துக்கலாமுங்களா?"

கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்த கறுப்பு டப்பாவைப் பிடுங்கினாள். வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? இரண்டு பேரும் படியில் ஓடினோம். ஆமாம், ஓடினோம். என் முழங்கால் அன்றைக்கு என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என் லேப்டாப் அணைந்துதான் கிடந்தது. நஸீமா டிஸ்க்கைச் செருகினாள். நான் பவர் பட்டனை அழுத்தினேன். லோகோ வந்தது. புள்ளிகள் சுற்றின.

நின்றன.

காலையில் மளிகைக்கடை லிஸ்ட் அடித்தபோதுகூட நன்றாக ஓடிய லேப்டாப் அது.

"அக்கா... உங்களதும் போச்சுங்களா?"

வைரஸா? மாடியில் இருந்து படி இறங்கி வந்துவிட்டதா? பாதி எழுதிய கட்டுரைகள், மகள் கல்யாண போட்டோக்கள் எல்லாம் கண்முன் வந்து போயின. நஸீமாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கறுப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது வந்துதானே உங்களது நின்னுது?"

"ஆமா."

"மேல இருக்கறதுலயும் நேத்துல இருந்து இதுதானுங்க மாட்டியே இருந்துச்சு. பேக்கப் போட்டுட்டுக் கழட்டவே இல்ல."

சொல்லிக்கொண்டே வயரைப் பிடித்து இழுத்தாள்.

புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று... ஸ்கிரீனில் என் பேத்தி பல்லில்லாமல் சிரித்தாள்.

நஸீமா அதற்குள் மாடிக்கு ஓடிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். டிஸ்க் இல்லாமல் சுவிட்சைப் போட்டாள். லோகோ. புள்ளிகள். உலகக் கோப்பை கடைசி ஓவரைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை. சுற்று கண்ணு, சுற்று என்று மனசுக்குள் கும்பிட்டேன். வழக்கமாக உறைகிற நேரம் வந்தது. உறையவில்லை. பாஸ்வேர்ட் கேட்டது.

உலகத்தில் யாராவது பாஸ்வேர்ட் கேட்டதற்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்களா? நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அப்போதுதான் படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு அணில். சேம்பு இலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கித் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறது. இலையின் ஓரத்தில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நிற்கிறது. எனக்கே அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்ள ஆசையாக இருந்தது.

"அனுப்பு கண்ணு, மொதல்ல அனுப்பு" என்றேன்.

"ஒரு நிமிஷமுங்க்கா. வாலு கொஞ்சம் மங்கலா இருக்குதுங்க."

எனக்கு நெஞ்சு வலியே வந்துவிடும் போல இருந்தது. அவள் நிதானமாகப் பெரிதாக்கினாள், வாலில் கொஞ்சம் பழுப்பு ஏற்றினாள், தள்ளி நின்று பார்த்தாள், இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். சும்மா சொல்லக்கூடாது, அணிலுக்கு உயிர் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அனுப்பினாள். ரெண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

சாயங்காலம் மறுபடியும் படியில் தடதட. வாசலில் வந்து நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாத முகம். போனை என்னிடம் நீட்டினாள். மெர்ச்சண்டைசர் பெண் அனுப்பிய மெசேஜ். பையருக்கு அணில் பிடித்துவிட்டது. அதோடு நிற்கவில்லை, அதே மாதிரி மழையில் நனையாமல் போகிற இன்னும் நாலு மிருகம் வேண்டுமாம்.

"தவளைக்கு எதுக்குங்க்கா குடை?" என்றாள் திடீரென்று. வேலை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். எஃப் எட்டு, எஃப் இரண்டு, ஃபார்மேட் என்று எல்லோரும் உள்ளே இருப்பதைத்தான் சந்தேகப்பட்டோம். வெளியே தொங்கிய ஒன்றைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நம் ஊர் பனியன் கம்பெனிகளில் ஒரு மெஷினில் தைக்க வேண்டிய பீஸ் தேங்கினால் வரிசையாகத் தைக்கிற மொத்த லைனையும் திட்டுவார்களே, அது மாதிரி. வீட்டில் ஒரு ஆள் முகம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவர் குணமே சரியில்லை என்கிறோம். காலையில் அவர் மேல் என்னத்தை மாட்டினோம் என்று பார்ப்பதில்லை.

அதிலும் அந்த டிஸ்க், பத்திரத்துக்கு என்று வாங்கி வைத்தது. அதுவே கெட்டுப்போய் வழியை மறித்திருக்கிறது. நல்லவேளை, அதில் இருந்த பழைய படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன. நஸீமா புது டிஸ்க் வாங்கிவிட்டாள். பேக்கப் போட்ட கையோடு கழற்றியும் வைத்துவிடுகிறாள். உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் லோகோவிலேயே நின்றால், பென் டிரைவ், பிரிண்டர், டிஸ்க் என்று மாட்டியிருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ்காரரிடம் போங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு அம்மா ஓடாத மிக்ஸியோடு என் வாசலில் வந்து நின்றார். "நீங்க ரிப்பேர் எல்லாம் பண்றீங்களாமா?"

முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு, முதலில் பிளக்கைப் பார்த்தேன்.